எதிர்காற்றில் மட்டும் கேட்ட கிறீச்சொலி

ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு சாலையில் கோபாலபுரம் நோக்கிச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும். சமதளத்திலேயே மேடு ஏறும் அளவுக்குக் கால் கனக்கும். என் கியர் சைக்கிளில் கிளம்பிய கிறீச்சொலி, அந்தச் சாலையில் மேற்கே போகும்போது மட்டும்தான் கேட்டது. திரும்பி வருகையில் காற்று முதுகைத் தள்ளும். வண்டியும் சாலையும் அவையேதான், சத்தம் மட்டும் இருக்காது.

வலது பெடல் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒருதரம் கிறீச்சிட்டது. கால்களுக்கு நடுவிலிருந்து, பெடல்களைத் தாங்கும் கிராங்கின் அடியிலிருந்து வருவதாகவே காதுக்குப் பட்டது. கடையில் காட்டியபோது வண்டியைத் தூக்கி நிறுத்தி, கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் போய்விட்டது, செட்டையே மாற்றிவிடலாம் என்றார்கள். கையால் சுற்றியபோது சத்தமே வரவில்லை. சுமை ஏறினால்தான் குரல் கொடுக்கும் ஒன்றைச் சுமையே இல்லாமல் சோதித்துவிட்டுப் பாகத்தை மாற்றுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பழைய 28 அங்குல வண்டிகளை மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கியர் வண்டியைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் நான் விவரம் சொல்லி முடித்ததும், "கண்ணு, சத்தம் எங்கிருந்து வருதுன்னு தேடாத. எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு மொதல்ல பாத்துட்டு வா" என்றார். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். சைக்கிளின் ஃபிரேம் முழுவதும் உள்ளீடற்ற குழாய்கள். ஒரு முனையில் பிறக்கும் ஒலி குழாய் வழியே ஓடி இன்னொரு முனையில் கேட்கும் என்பதால், இடத்தைக் காட்டுவதில் காதை நம்ப முடியாது. நேரத்தைச் சொல்வதில் அதே காது பிசகாது.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில், போக்குவரத்து குறைந்த தென்னந்தோப்புச் சாலை ஒன்றில் சோதிக்கத் தொடங்கினேன். வேகம் எடுத்து மிதிப்பதை நிறுத்தி, வண்டியைத் தானாக உருளவிட்டேன், சத்தம் நின்றது. ஆகவே சக்கரம், மட்கார்டு ஆகியவற்றின் மீதான சந்தேகம் பெரும்பாலும் விலகியது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்ததில் ஹேண்டில்பார் பக்கமும் அமைதியாக இருந்தது. பிறகு சீட்டிலிருந்து எழுந்து நின்று, உடல் எடை முழுவதையும் பெடலில் வைத்து எதிர்காற்றில் மிதித்தேன். கிராங்கின் மீது அதற்கு மேல் சுமை ஏற்ற வழியில்லை. ஆனாலும் அந்தக் கிறீச்சொலி எழவில்லை. உட்கார்ந்தேன், உடனே வந்தது. மறுபடி எழுந்தேன், நின்றது. பாட்டம் பிராக்கெட்டின் மீது சுமத்தப்பட்ட பழி அத்துடன் தீர்ந்தது.

பெடலின் தாளத்துக்கு ஏற்பச் சீட்டுப் பக்கம் ஏன் சத்தம் போட வேண்டும் என்ற கேள்வி இங்கே எழும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்கிறது. அழுத்தி மிதிக்க மிதிக்க அந்தச் சாய்வு கூடுகிறது. சீட்டைத் தாங்கும் கம்பமான சீட் போஸ்ட், ஃபிரேமின் குழாய்க்குள் மயிரிழை அளவு அசைகிறது. அழுத்திப் பொருத்திய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே கிரீஸ் வற்றிவிட்டால், அவை ஒட்டியிருந்து ஒட்டியிருந்து சட்டென்று நழுவும். அந்த நழுவல்தான் கிறீச்சொலி. காற்று முதுகைத் தள்ளும்போது மிதிக்க வேண்டிய அழுத்தம் குறைவதால் அது வாய் திறப்பதில்லை.

சீட்டின் உயரம் மாறாமலிருக்க இன்சுலேஷன் டேப்பால் அடையாளம் சுற்றிவிட்டு, கிளாம்பைத் தளர்த்திப் போஸ்டை உருவினேன். குழாய்க்குள் இருந்த பகுதியில் பழைய கிரீஸ் சாம்பல் நிறத்தில் காய்ந்து, செம்மண் புழுதியுடன் சேர்ந்து பொருக்காக அப்பியிருந்தது. அதைத் துணியால் துடைத்ததும் இரண்டு இடங்கள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பது தெரிந்தது: மேலே கிளாம்பை ஒட்டிய இடத்தில் பின்பக்கம் ஒரு பிறைவடிவத் தடம், போஸ்டின் அடிமுனையில் முன்பக்கம் மற்றொன்று. உட்காருபவரின் எடை போஸ்டைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது அது குழாயில் முட்டும் இடங்கள் சரியாக அவை இரண்டும்தான். சத்தத்தின் கையெழுத்தையே கண்ணால் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. குச்சியில் துணி சுற்றிக் குழாயின் உட்புறத்தைத் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, கிளாம்பையும் சீட்டின் அடிக்கம்பிகளைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் சுத்தம் செய்து, கிளாம்பில் பொறித்துள்ள அளவுக்கு மட்டும் முடுக்கினேன். கார்பன் போஸ்ட் வைத்திருப்பவர்கள் கிரீஸ் தடவக் கூடாது. அதற்கென்று தனிப் பசை விற்கிறது.

அடுத்த முறை கோபாலபுரம் போனபோது அந்தச் சத்தம் இல்லை. அது அடங்கிய பிறகுதான், அதற்கு அடியில் மறைந்திருந்த மெல்லிய 'டிக்' ஒன்று கேட்டது. எழுந்து நின்று மிதித்தாலும் வந்தது. பெடலைக் கழற்றி மரைகளைத் துடைத்துக் கிரீஸ் வைத்து மாட்டியதும் அதுவும் போயிற்று. இடது பெடலின் மரை தலைகீழ் என்பதைக் கழற்றுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் பலம் கொடுத்தால் கிராங்கே வீணாகிவிடும்.

சூலூரில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு வந்த தொல்லை இன்னும் விசித்திரமானது. அவருடைய சத்தம் பெடலின் சுற்றுக்கும் பொருந்தவில்லை, சக்கரத்தின் சுற்றுக்கும் பொருந்தவில்லை. விசைத்தறிகள் ஓடும் தெருக்கள் வழியாக வேலைக்குப் போகிறவர் என்பதால், தறிச் சத்தத்துக்கிடையே அதை நிதானித்துக் கேட்கவே அவருக்கு வழியில்லாமல் இருந்தது. ஊர் அடங்கிய பிறகு மிதித்து எண்ணிப் பார்த்ததில், ஏறக்குறைய இரண்டரை பெடல் சுற்றுக்கு ஒருமுறை வந்தது. கிராங்கோடு சுற்றும் 44 பல் கொண்ட பல்சக்கரத்தில் 114 கண்ணிகள் உள்ள செயின் ஓடினால், ஒரே கண்ணி மறுபடி அதே இடத்துக்கு வர அவ்வளவு சுற்றுகள்தான் ஆகும். செயினை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றியபோது மடங்க மறுத்த ஒரு கண்ணி தானாகவே தலைகாட்டியது. அதைப் பக்கவாட்டில் வளைத்து இளக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் வேலை முடிந்தது.

சத்தம் வந்த உடனே கண்ட இடத்திலெல்லாம் எண்ணெயைப் பீய்ச்சும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சில நாட்களுக்குச் சத்தம் அடங்கும்; எது காரணம் என்று கண்டறியும் வாய்ப்பும் அத்துடன் போய்விடும். ரிம்மிலோ டிஸ்க்கிலோ அந்த எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காமல் ஆபத்தாகும்.

என் சித்தப்பா பால் கேன் கட்டி ஓட்டும் பழைய வண்டியில் எழுந்தது கிறீச்சொலி அல்ல. 'கடக் கடக்' என்று அழுத்தமான ஒலி. பெரியவர் அதைப் பார்த்ததுமே கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது என்றார். நட்டை முடுக்கினால் போதாதா என்று கேட்டேன். "நட்டு பின்னை இழுக்கறதுக்கு இல்ல கண்ணு, வெளிய வராம புடிச்சுக்கறதுக்கு" என்று சொல்லி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டுச் சுத்தியலால் பின்னை அடித்து இறக்கினார். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் பேரிங் பால்ஸ் மீதும் அவை உருளும் கப் மீதும் போய் விழும். பின் சரியாக உட்கார்ந்த பிறகே நட்டை மாட்டினார். தளர்ந்த பின்னோடு தொடர்ந்து ஓட்டினால் பின் நசுங்கிவிடும் என்பதால், இந்தச் சத்தத்தை மட்டும் மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.