வாஷிங்டன் அருகே ஆர்.வி. பார்க்: வயதான பெற்றோருடன் தங்க எது பொருத்தம்?

எடிசன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரையும் மகனையும் அழைத்துக்கொண்டு, ஜூலை மாதம் நியூ ஜெர்சியிலிருந்து வாஷிங்டனுக்கு வாடகை ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறையுடன் கூடிய பயண வண்டி) ஒன்றில் செல்ல எண்ணியிருக்கிறோம். அப்பாவுக்கு எழுபது வயதாகிவிட்டது. வெளிச்சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால்தான் சமையலறையுள்ள வண்டி என்ற யோசனையே எழுந்தது. மேரிலாந்தில், காலேஜ் பார்க் ஊரிலுள்ள செர்ரி ஹில் பார்க்கையும், அதற்கு அருகில் தேசியப் பூங்காத் துறை நடத்தும் கிரீன்பெல்ட் பார்க்கையும், வண்டியை நிறுத்தித் தங்குவதற்காகப் பார்த்து வைத்திருக்கிறோம். பின்னதன் கட்டணம் மிகவும் குறைவு. எதைத் தேர்ந்தெடுப்பது, வண்டியை நகருக்குள் கொண்டுசென்று நிறுத்த முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லேன்ஹாம் பக்கத்துக்காரர்:
கட்டணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிரீன்பெல்ட் பார்க் மரங்கள் அடர்ந்த அருமையான இடம்தான். ஆனால் அங்கே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகிய மூன்றில் எந்த இணைப்பும் தனித்தனி இடங்களுக்குக் கிடையாது. ஏசி ஓட வேண்டுமானால் ஜெனரேட்டரை இயக்க வேண்டும். இரவில் அதற்கு அனுமதி இல்லை. இவ்வூரின் ஜூலை மாதப் புழுக்கம் சென்னையின் புழுக்கத்துக்குச் சற்றும் இளைத்ததல்ல. எனவே மூன்று இணைப்புகளும் உள்ள செர்ரி ஹில் பார்க்தான் உங்களுக்கு ஏற்றது. ஐ-95 சாலையும் வாஷிங்டனைச் சுற்றிவரும் 495 பெல்ட்வேயும் கூடும் இடத்தை ஒட்டி இருப்பதால் வாகன இரைச்சலை எதிர்பார்த்தே வாருங்கள். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி வருவதாக இருந்தால் இப்போதே முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

நகருக்குள் வண்டியைக் கொண்டுபோகும் எண்ணத்தை அறவே விட்டுவிடுங்கள். அவ்வளவு பெரிய வண்டிக்கு அங்கே இடம் தேடி அலைவதிலேயே பாதி நாள் போய்விடும். வண்டியைப் பார்க்கிலேயே விட்டுவிட்டு, கிரீன்பெல்ட் அல்லது காலேஜ் பார்க் மெட்ரோ நிலையத்துக்கு ஊபரில் சென்று, பச்சை வழித்தட ரயிலில் ஏறினால், எங்கும் மாறாமல் ஆர்க்கைவ்ஸ் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நேஷனல் மால் என்னும் நீண்ட புல்வெளித் திடலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் நடக்கும் தூரத்தில்தான் உள்ளன. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த இலவச அனுமதிச்சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரு நாள் ஓய்வாக இருக்க விரும்பினால், லேன்ஹாமில் உள்ள சிவா விஷ்ணு கோயிலும் முருகன் கோயிலும் பார்க்கிலிருந்து அதிகத் தொலைவில்லை.

பால்டிமோர்க்காரர்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நியூ ஜெர்சியிலிருந்து வருபவர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. உங்கள் வண்டியின் அடுப்பு புரொப்பேன் என்னும் எரிவாயுவில் எரிவது. பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் ஐ-95 செல்லும் ஃபோர்ட் மெக்கென்றி சுரங்கப்பாதையிலும், ஐ-895 செல்லும் ஹார்பர் டனலிலும், 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருடன் செல்லத் தடை உள்ளது. கிளாஸ் சி எனப்படும் நடுத்தர அளவு ஆர்.வி. வண்டிகளில் பொருத்தப்பட்டிருக்கும் டேங்குகள் பொதுவாக அந்த அளவைத் தாண்டியவை. முன்பெல்லாம் இத்தகைய வண்டிகள் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் வழியே சென்றுவிடும். 2024 மார்ச்சில் சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. ஆகவே பால்டிமோருக்கு வடக்கே ஐ-695 சாலையில் டவ்சன் பக்கமாகத் திரும்பி, நகரை மேற்கே சுற்றிவந்து மீண்டும் ஐ-95-ஐப் பிடியுங்கள். தொலைபேசியின் வரைபடம் உங்களிடம் சிலிண்டர் இருப்பதை அறியாது. சுரங்கத்துக்கே வழி காட்டும்.

எடிசன்வாசி:
இருவருக்கும் நன்றி. சிலிண்டரின் வால்வை மூடிவிட்டால் சுரங்கத்தில் செல்ல அனுமதிப்பார்களா?

பால்டிமோர்க்காரர்:
இல்லை. தடை சிலிண்டரின் கொள்ளளவைப் பொறுத்தது. வால்வு மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்ததல்ல. சுற்றுவழியில் மாலை நெரிசலைத் தவிர்க்க விரும்பினால் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள்.

பழைய ஆர்.வி. பயணி:
சமையலுக்காகவே வண்டி எடுப்பதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன். பார்க்கின் 30 ஆம்ப் மின் இணைப்பில் கிடைப்பது மொத்தம் 3,600 வாட் மட்டுமே. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டக்‌ஷன் அடுப்பையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஆகவே சோறு, குழம்பெல்லாம் புரொப்பேன் அடுப்பிலேயே ஆகட்டும். தாளிக்கும்போது மேலுள்ள விசிறியை ஓடவிட்டு, ஜன்னல் ஒன்றையும் திறந்து வையுங்கள். கடுகும் காய்ந்த மிளகாயும் புகைந்த மறுகணமே அலாரம் வீறிடும், அம்மா பதறிவிடுவார்.

கழிவு டேங்க் விஷயத்தில் பலர் தவறாகச் செய்வது ஒன்று உண்டு. குழாய் இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்கின் (கழிப்பறைக் கழிவு சேரும் டேங்க்) வால்வைத் திறந்தே வைத்தால், நீர் மட்டும் வடிந்து மற்றது அடியில் இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறையும்வரை மூடி வைத்து, முதலில் பிளாக் டேங்கையும் பிறகு கிரே டேங்கையும் (குளித்த, பாத்திரம் கழுவிய நீர் சேர்வது) திறந்தால், பின்னதிலிருந்து வரும் சோப்புநீர் குழாயைக் கழுவிவிடும். புறப்படும் நாள் காலையில், கையுறை அணிந்துகொண்டு, இரண்டையும் காலி செய்துவிடுங்கள். நிரம்பிய டேங்கோடு வண்டியைத் திருப்பித் தந்தால் வாடகை நிறுவனங்கள் பொதுவாகத் தனிக்கட்டணம் பிடித்துக்கொள்கின்றன.