எக்ஸோசோம்: செல்லின் குப்பைப் பையா, தபாலா?

நுண்ணோக்கி:
செல் வெளியே விடும் நுண்ணிய சவ்வுப் பையான எக்ஸோசோம் எல்லாமே பக்கத்துச் செல்லுக்குப் போகும் கடிதம் என்று எழுதுவதை நிறுத்துங்கள். முதலில் கண்ணில் பட்டதே கழிவாகத்தான். 1983இல் மாண்ட்ரியலில் செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களைப் பார்த்த ஜான்ஸ்டோன் குழுவும் செயின்ட் லூயிஸில் எலியின் அணுக்களைப் பார்த்த ஸ்டால் குழுவும் கண்டது ஒன்றுதான்: முதிரும் அணு, தனக்கு இனி வேண்டாத டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை (இரும்பை உள்ளே வாங்க மேற்சவ்வில் நிற்கும் புரதம்) குட்டிப் பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது.

மலர்:
பொதுவாகக் குப்பையைச் செரிக்கச் செல்லுக்குள்ளேயே லைசோசோம் என்ற பை இருக்கிறதே தம்பி? பை உருவாகும் விதத்தைப் பாருங்கள். மேற்சவ்வு உள்ளே மடிந்து எண்டோசோம் என்ற உள்பை ஆகிறது. அப்புறம் எண்டோசோமின் சவ்வு தன் உள்பக்கமாகவே குமிழ் விடுகிறது, எஸ்கார்ட் புரதங்கள் அந்தக் குமிழின் கழுத்தை இறுக்கி அறுத்துவிடுகின்றன, கடைசியில் ஒரு பைக்குள் பல பைகள். அந்த மூட்டை லைசோசோமோடு சேர்ந்தால் அழிவு, மேற்சவ்வோடு சேர்ந்தால் குட்டிகள் வெளியே. ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்லில் ராப்27 புரதத்தை அடக்கினால் இந்த வெளியேற்றம் குறைகிறது. தனியாக ஒரு ஏற்பாடே இருக்கிறது.

நுண்ணோக்கி:
அக்கா, வீட்டுக் குப்பையும் வாசல் வழியாகத்தான் போகிறது! 2007இல் எக்ஸோசோமுக்குள் மரபுச் செய்தி சுமக்கும் ஆர்.என்.ஏ. போகிறது என்றதும் எல்லோரும் ஓடினார்கள். 2014இல் எண்ணிப் பார்த்தால், அதிகம் கிடைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. (மிகக் குட்டி ஆர்.என்.ஏ.) கூட சராசரியாகப் பைக்கு ஒன்று தேறவில்லை. எக்ஸோசோமைப் பிரிக்க நானே மாதிரியை 1,00,000 ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில், சுழற்றியிருக்கிறேன். சோதனைக் குழாயின் அடியில் படிவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அதனால் எந்தப் பக்கம் படியும் என்று பேனாவால் குறித்து வைப்போம். அதில் எக்ஸோசோமோடு புரதக் கட்டிகளும் சேர்ந்தே வரும்.

ஓடைக்கரை:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். மேற்சவ்விலிருந்தே நேராகக் கிள்ளிப் பிரியும் பைகளும் உண்டு. எக்ஸோசோம் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர், அவை 100 முதல் 1000 வரை. நடுவில் கலக்கும் இடத்தில் அளவை மட்டும் வைத்துப் பிறந்த இடம் சொல்ல முடியாது.

மலர்:
சரி, ஆர்.என்.ஏ. கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தி பைக்குள்தான் இருக்க வேண்டுமா? சவ்வு இரண்டு முறை மடிவதால் ஏற்பியின் முகம் மறுபடி வெளியே பார்த்தபடி நிற்கிறது, செல்லின் மேல் நின்ற மாதிரியே. 1996இல் ரப்போசோ குழு நோய் எதிர்ப்பு அணுவான பி செல்லின் எக்ஸோசோம்களை எடுத்து, இன்னொரு வகை எதிர்ப்பு அணுவான டி செல்களிடம் விட்டது. அவை விழித்துக்கொண்டன. பையைப் பிரிக்கவே தேவையில்லை தம்பி, மேலே எழுதியிருப்பதைத் தொட்டாலே போதும்.