சீஸில் இருப்பது கன்றுக்குட்டியா, கிருமியா?

சரோஜா அத்தை: (பல முறை பகிரப்பட்டது) எச்சரிக்கை! கடைச் சீஸில் மரபணு மாற்றிய கிருமி உயிரோடு இருக்கிறது! குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்!

சரோஜா அத்தை: கயல், இது உண்மையா? இன்று காலைதான் பேரனுக்குச் சீஸ் தோசை வார்த்துக் கொடுத்தேன்.

முரளி சித்தப்பா: தோசைக்கு மிளகாய்ப் பொடி போதாதா?

கயல்: அத்தை, பயப்படாதீர்கள். அதில் பாதிதான் உண்மை. சீஸுக்குப் பாலைத் திரிய வைப்பது கைமோசின் என்ற நொதி. முன்பெல்லாம் பால்குடி மறக்காத கன்றைக் கொன்று அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். இப்போது அந்த நொதியை உண்டாக்கும் கன்றின் ஒரு மரபணுவின் நகலை ஈஸ்ட்டிலோ பூஞ்சையிலோ புகுத்தித் தொட்டியில் வளர்க்கிறார்கள். ஊறி வரும் நொதியைப் பிரித்துக்கொண்டு நுண்ணுயிரை அகற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவில் எஃப்டிஏ என்ற உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990-லேயே, இதே முறையில் பாக்டீரியாவில் செய்த கைமோசினுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டது.

சரோஜா அத்தை: கன்றா! சிவ சிவா. அப்படியானால் அது சைவமே இல்லையே?

கயல்: இந்த முறையில் கன்று சாவதில்லை அத்தை. அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முரளி சித்தப்பா: அகற்றிவிட்டோம் என்று கம்பெனிக்காரன் சொன்னால் போதுமா? வெண்ணெய் எடுத்த மோரிலும் கொஞ்சம் வெண்ணெய் மிதக்கத்தானே செய்கிறது?

கயல்: அதைத்தான் சித்தப்பா ஐரோப்பாவில் எஃப்சா என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையமும் கேட்கிறது. மரபணு மாற்றிய நுண்ணுயிரில் செய்த நொதி என்றால், இறுதிப் பொருளில் உயிருள்ள செல் இருக்கிறதா, அதன் டிஎன்ஏ மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்த முடிவுகளைக் கம்பெனி கொடுக்க வேண்டும். மரபணுச் சேதம் உண்டாகுமா என்ற சோதனை தனி. எலிகளுக்கு 90 நாள் கொடுத்து, எந்த அளவு வரை தீங்கில்லை என்று கண்டு, மக்கள் உண்ணக்கூடிய அளவோடு ஒப்பிடுகிறார்கள். தெரிந்த ஒவ்வாமைப் புரதங்களோடு ஒற்றுமை உண்டா என்றும் தேடுகிறார்கள்.

முரளி சித்தப்பா: எல்லா நொதிக்கும் எலி உண்டா?

கயல்: இல்லை. பாசில்லஸ் சப்டிலிஸ் போன்ற நீண்ட காலமாக அறிந்த நுண்ணுயிர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள இனம், நிபந்தனைகளும் பொருந்தினால், நஞ்சுச் சோதனைக்கு விலக்கு. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சைக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் சில வகைகள் நஞ்சு சுரக்கும்.

முரளி சித்தப்பா: இவ்வளவு காவல் இருந்தும் எதுவும் நழுவியதே இல்லையா?

கயல்: நழுவியிருக்கிறது. உதாரணத்துக்கு, இதே வகையில் செய்த ஒரு வைட்டமினில். 2014-ல் ஜெர்மனியில், சீனாவிலிருந்து வந்த கால்நடைத் தீவன வைட்டமின் பி2-வில் மரபணு மாற்றிய பாசில்லஸ் சப்டிலிஸ் உயிரோடு இருந்தது. அதனிடம் ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் இருந்தன. மரபணு மாற்றம் என்ற பெயரைவிட எனக்குக் கவலை அதுதான். அந்த மரபணு குடலில் உள்ள வேறு பாக்டீரியாவுக்குத் தாவலாம். எஃப்சா டிஎன்ஏவைத் தேடச் சொல்வதும் அதனால்தான்.

சரோஜா அத்தை: அப்படியானால் நான் என்னதான் செய்வது?

கயல்: சீஸைத் தாராளமாகக் கொடுங்கள் அத்தை. உப்பும் கொழுப்பும் அதிகம், அதனால் தினமும் வேண்டாம்.

முரளி சித்தப்பா: அந்த எலிச் சோதனை அறிக்கையை நம்மைப் போன்றவர்கள் படிக்க முடியுமா?

கயல்: எஃப்சா தன் இதழில் ஒவ்வொரு நொதிக்கும் தனி அறிக்கை வெளியிடுகிறது. கட்டணம் இல்லை, ஆனால் ஆங்கிலம்.

முரளி சித்தப்பா: அனுப்பு. பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை?