பழைய ஜிப்சியில் ஃபோர் வீல் எப்போ போடணும், எப்போ போடக்கூடாது?

முந்திரித்தோப்பு (கேள்வி)

வணக்கம். 1999 ஜிப்சி கிங் ஒண்ணு கைமாறி வந்திருக்கு. ஓட்டம் பெரும்பாலும் கடலூர்–புதுச்சேரி தார் ரோடு. வாரம் ரெண்டு தடவை கேப்பர் மலைப் பக்கம் தோப்புக்குப் போகணும், கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. சின்ன லிவரில் டூ ஹை (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்), ஃபோர் ஹை (நாலும் இழுக்கும்), நியூட்ரல், ஃபோர் லோ (நாலும், மெதுவா, அதிக இழுவையோட) இருக்கு. மூணு சந்தேகம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இசிஆரில் போகும்போது ஃபோர் ஹை போட்டா பிடிமானம் கூடுமா? ஃபோர் ஹையில் தெருமுனை திரும்பினா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகுது, வண்டி விக்கி விக்கிப் போகுது, அப்புறம் லிவரும் வெளியே வர மாட்டேங்குது. இது கோளாறா? முன் சக்கரத்து நடுவில் கையால் திருகுற மாதிரி ஒரு வட்டம் இருக்கே, அது எதுக்கு?

இசிஆர் சவாரி

மழைன்னாலே ஃபோர் ஹை போட்டுடுங்க சார். நாலு சக்கரமும் இழுத்தா வழுக்காது. ஸ்டியரிங் கனமா இருக்கறது பழைய வண்டிக்கு சகஜம்தான்.

கெடிலக்கரை

மேலே சொன்னதைச் செய்யாதீங்க. ஈரத் தாரும் தார்தான்.

ஜிப்சியிலும் பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்தில் சுத்த விடற கியர்) கிடையாது. ஃபோர் ஹை போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சின்ன லிவர் இயக்கற கியர் பெட்டி), முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் போற ரெண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் ஒண்ணா பூட்டிடும். நேரா போறவரை தொந்தரவு இல்லை. திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஜிப்சியின் அச்சிடை (முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி) 2375 மில்லிமீட்டர். பின்னச்சின் நடு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினா, முன்னச்சின் நடு 5.5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கால் வட்டம் முடியும்போது முன்பக்கம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் கூடுதலா ஓடியிருக்கும். டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், கிரௌன் பினியன் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுத்த ஷாஃப்ட் எத்தனை சுற்று சுத்தணும்கறது) நாலுக்குப் பக்கம். அப்படின்னா ஒரே ஒரு தெருமுனையில் ரெண்டு ஷாஃப்டுக்கும் இடையில் ஒன்றரைச் சுற்று வித்தியாசம். மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கரைச்சுடும். தாரில் வழுக்க இடமில்லை, அதனால் முறுக்கு முழுக்க உள்ளேயே தங்கிடும். ஸ்டியரிங் கனக்கறது, விக்கறது, லிவர் சிக்கறது மூணுக்கும் காரணம் இதுதான். அப்படியே ஓட்டினா முதலில் ஷாஃப்ட் கிராஸ், அப்புறம் முன்னச்சு ஜாயிண்ட், கடைசியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்னு செலவு ஏறும்.

மழையா வெயிலான்னு பார்க்காதீங்க, சக்கரத்துக்கு அடியில் இருக்கற தரை இடம் கொடுக்குமான்னு பாருங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டுச்சு. முழங்கால் தண்ணி நின்ன தெருவிலும் அடியில் இருந்தது தார்தான். அங்கே டூ ஹை போதும். வண்டல் படிஞ்ச தரைப்பாலம், பாசி பிடிச்ச சிமெண்ட் தளம் வேற கதை. அதை மட்டும் ஃபோர் ஹையில் நேரா கடந்து, ஏறினதும் எடுத்துடுங்க. இன்னொண்ணு, ஃபோர் வீல் பிரேக்குக்கு உதவாது. நிக்கற தூரம் டயரையும் வேகத்தையும் பொறுத்தது. இசிஆரில் ஆளைக் கவுக்கறதே இந்தத் தப்பு நம்பிக்கைதான்.

சிக்கின லிவரை அடிச்சு இழுக்காதீங்க. ஸ்டியரிங்கை நேரா வெச்சு 5 முதல் 10 மீட்டர் ரிவர்ஸ் போங்க. கிளட்சை மிதிச்சு லிவரை லேசா இழுத்துப் பிடிச்சா தானா கழண்டு வரும். அப்பவும் வரலைன்னா ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்க. முறுக்கு விடும்போது அந்தச் சக்கரம் சட்டுனு சுத்தும், கை காலை எட்ட வெச்சுக்கோங்க.

செம்மண் ரோடு

வட்டத்தைப் பத்தி யாரும் சொல்லலை. அது ஃப்ரீ வீல் ஹப். 'ஃப்ரீ' பக்கம் இருந்தா முன் சக்கரம் தனியா உருளும், உள்ளே அச்சும் ஷாஃப்டும் சும்மா நிக்கும். 'லாக்' பக்கம் திருகினாதான் லிவருக்கு வேலை. ஒரு பக்கம் லாக், மறுபக்கம் ஃப்ரீன்னு விட்டா டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரியும், முன்பக்கம் ஒரு சக்கரம்கூட இழுக்காது. விளக்கு லிவர் நிலையைத்தான் காட்டும், ஹப்பைக் காட்டாது. சில வண்டிகளில் ஹப்பைக் கழற்றிட்டு நிலையான ஃபிளேஞ்ச் போட்டிருப்பாங்க, அதில் திருக ஒண்ணும் இருக்காது.

மழை சீசன் முழுக்க ஹப்பை லாக்கிலேயே விடலாம். லிவர் டூ ஹையில் இருக்கறவரை தாரில் முறுக்கு வராது, மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறையும். மண் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் சேத்துக்குள்ள இறங்கித் திருகறதுக்கு இது மேல்.

லிவர் போடற முறை: ஹப் லாக்கில் இருந்தா, நேரா உருண்டுக்கிட்டே ஆக்ஸிலரேட்டரை விட்டு டூ ஹையிலிருந்து ஃபோர் ஹைக்கு மாத்தலாம். பின் சக்கரம் சுழன்றுக்கிட்டு இருக்கும்போது மட்டும் போடாதீங்க, பல் அடி வாங்கும். ஃபோர் லோவுக்கு வண்டி முழுசா நிக்கணும், கிளட்ச் முழுசா மிதிக்கணும். கரகரன்னா கிளட்சை விட்டு மறுபடி மிதிங்க. நடுவில் நியூட்ரலில் நின்னுட்டா எந்த கியர் போட்டாலும் வண்டி நகராது, பயந்துடாதீங்க.

உங்க தோப்புப் பாதைக்கு: காய்ந்த செம்மண்ணில் டூ ஹை. மேல்மண் ஈரமாகி வழவழன்னு இருந்தா சறுக்கறதுக்கு முன்னாடியே ஃபோர் ஹை, செகண்ட் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர். மாட்டின பிறகு போட்டா பாதி வேலைதான் ஆகும். செங்குத்தான இறக்கத்தில் ஃபோர் லோ, ஃபர்ஸ்ட் கியர், கிளட்சைத் தொடாம இறங்குங்க. ஜிப்சியின் லோ ரொம்ப இறங்கிய லோ இல்லை. ஹையை விட 1.6 மடங்குதான் (2.268க்கு 1.409). பழைய ஜீப்பில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கிடைக்கும். ஜீப்காரர் சொல்ற கியரை அப்படியே எடுத்துக்காதீங்க.

தோப்புக்குள்ள உதிரி மணல் இருந்தா முதலில் காத்தைக் குறைங்க. 26 பிஎஸ்ஐ இருந்தா 16 அல்லது 18. ஃபோர் வீலை விட இதுவே அதிகம் காப்பாத்தும். தார் ஏறும் முன்னாடி திரும்ப நிரப்பிடணும், பம்ப் கூடவே இருக்கட்டும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் கடற்கரையில் இறக்கிப் பார்க்கற ஆசை வேண்டாம். தை, மாசியில் ஆமை முட்டையிடற மணல் அது, உப்பும் அடித்தகட்டைத் தின்னுடும்.

பாகூர் ஏரிக்கரை

தண்ணீர் பற்றி. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்கு முன் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் போய் வந்தால் மறுநாளே டிரெயின் போல்ட்டைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் மொத்தமாக மாற்ற வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் 0.8 லிட்டர், முன்னச்சு 2 லிட்டர், பின்னச்சு 1.5 லிட்டர். லெவல் துளையில் எண்ணெய் தட்டும்வரை ஊற்றினால் சரி. அச்சுகளுக்கு 80டபிள்யூ90 ஜிஎல் 5. ஊற்றும் முன், மேல் நிரப்பு போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நிற்பது சாதாரணமாக நடப்பது.

பெண்ணையாற்றில் வெள்ளம் ஓடும்போது தரைப்பாலத்தில் இறங்காதீர்கள். வண்டி மிதக்கத் தொடங்கினால் நாலு சக்கரம் இழுத்தும் பயனில்லை.

மழையே இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை மண் பாதையில் ஓரிரு கிலோமீட்டர் ஃபோர் ஹையில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் லிவர் ஃபோர்க் இறுகும், முன்பக்க சீல் காய்ந்து ஒழுகும்.

முந்திரித்தோப்பு

நன்றிண்ணே. ரிவர்ஸ் எடுத்ததும் லிவர் வந்துடுச்சு. ஆனா மண் பாதையில் நேரா போனாக்கூட 200 மீட்டரில் ஸ்டியரிங் இறுகுதே?

கெடிலக்கரை

நேரா போகும்போதே முறுக்கினா முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுத்தலைன்னு அர்த்தம். முதலில் நாலு டயர் அளவும் தேய்மானமும் பாருங்க. பின்னாடி ரெண்டு மட்டும் புதுசா, பெருசா போட்டிருப்பாங்க. காத்தும் சமமா இருக்கணும்.

அது சரின்னா யாரோ ஒரு அச்சை வேற விகிதத்தில் மாத்தியிருக்கலாம். எண்ணிப் பார்க்க வழி உண்டு. சின்ன லிவரை டூ ஹையிலும் மெயின் கியரை நியூட்ரலிலும் வைங்க. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, அதைக் கையால் சரியா ரெண்டு முழுச் சுற்று சுத்துங்க. ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று வருதுன்னு எண்ணுங்க, அதுதான் விகிதம். ஹப்பை லாக் பண்ணி முன்னாடியும் அதே மாதிரி. ரெண்டு எண்ணும் ஒத்துப் போகணும்.

தூக்கும் முன்னாடி மத்த மூணு சக்கரத்துக்கும் கல் வைங்க. பழைய வண்டிகள் சிலதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் தரையை விட்டதும் டிஃபரன்ஷியல் வழியா வண்டி உருள ஆரம்பிச்சுடும். எண்ணும்போது அந்த பிரேக் விட்டிருக்கவும் வேணும், இல்லைன்னா ஷாஃப்ட் சுத்தாது.