இன்குபேட்டருக்கு முன் ஒரு நல்ல தராசு

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கிராமச் சுகாதார நிலையத்துக்கு, பச்சிளங்குழந்தையைச் சூடாக வைத்துக் காக்கும் பெட்டியான இன்குபேட்டர் ஒன்றை வாங்கித் தரலாம் என்று குழுவில் எழுந்துள்ள யோசனையின் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. எனினும் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைக் காப்பதற்கு அதிலிருந்து தொடங்குவது சரியாகாது என்பது என் கருத்து.

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் ஏறத்தாழ ஏழு குழந்தைகளில் ஒன்று அவ்வாறு பிறக்கிறது. இவற்றில் சில 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தவை. சில மாதம் நிறைந்தும் கருவிலேயே வளர்ச்சி குன்றியவை. இரண்டுக்கும் கவனிப்பு ஒன்றல்ல. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சப்புவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் பெரும்பாலும் ஒருசேர வராது என்பதால், பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக் குழாய் வழியாகவோ, விழுங்கத் தொடங்கியபின் பாலாடை எனும் மூக்குள்ள சிறு கிண்ணத்தால் சிறிது சிறிதாகவோ புகட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் முடிவு செய்ய முதலில் எடை சரியாகத் தெரிய வேண்டும். முள் காட்டும் பழைய தராசில் 2,450 கிராம் குழந்தை பதிவேட்டில் "2.5" என்று ஏறிவிடும், அந்த ஐம்பது கிராமோடு கூடுதல் கவனிப்புக்கான உரிமையும் போய்விடும். பதிவேடுகளில் 2.5 என்ற எண் அளவுக்கு மீறித் திரண்டு நிற்பது பல நாடுகளில் கண்ட குறைதான். பத்து கிராம் வரை பிரித்துக் காட்டும் மின்னணுத் தராசு இன்குபேட்டரைப் போலப் புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்தது சூடு. இத்தகைய குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு குறைவு; உடல் வெப்பம் விரைவில் இறங்கிவிடும். வயிறு கதகதப்பாக இருந்து உள்ளங்கால் மட்டும் சில்லிட்டிருந்தால், அது குளிரால் தவிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். புறங்கையால் தொட்டே இதை அறியலாம். 1978ஆம் ஆண்டு கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றிலேயே பல குழந்தைகளைக் கிடத்தித் தொற்றும் பரவிய நிலையில், எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று இன்று வழங்கும் அம்முறையை, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனே தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தரவேண்டும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மின்தடை இதைத் தொடாது; தாய் களைத்தால் தந்தையோ பாட்டியோ ஏற்கலாம்.

இது மருத்துவமனைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. மூச்சுத் திணறும் குழந்தையும் 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தையும் பெரிய மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். போகும் வழியிலும் தாயின் மார்போடு போவதே நல்லது.

ஆகவே நிதியைத் தராசு, தாய் நாள் முழுதும் சாய்ந்திருக்க வசதியான நாற்காலி, செவிலியர் பயிற்சி, அவசர வண்டி ஆகியவற்றுக்கு ஒதுக்கக் கோருகிறேன். தாயின் இரத்தசோகை, அடுத்தடுத்த கர்ப்பம் போன்ற மூல காரணங்களைத் தனி மடலில் பேசலாம். இன்குபேட்டரே வேண்டும் என்போர், அது பழுதானால் யார் வந்து பார்ப்பார் என்பதையும் சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறேன்.