ஏழரை மாசத்தில போய்ச் சேர்ந்தா அது ஒளியை முந்தினதாகாதோ?

பரண்காவல்:
அண்ணைமார் அக்காமார் ஆராவது விளங்கப்படுத்துங்கோ. நான் இரணைமடுவுக்குக் கீழ, சிறுபோகம் கதிர் முத்துற நேரம் எண்டபடியா ராவில பண்டிக்கும் யானைக்கும் பரணில காவல். பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தால தெற்குப் பக்கம் பதிவா ரெண்டு வெள்ளி நல்ல வெளிச்சமாத் தெரியும், அதில ஒண்டு அல்பா சென்டோரி எண்டு ஃபோன் அப்பில காட்டினது. தூரம் 4.37 ஒளியாண்டு. ஒளியிட வேகத்தில 99 வீதத்தில போற ஒரு கப்பல் எண்டா எங்கட கணக்கில 4.41 வருசம், ஐன்ஸ்டைன்ட சார்பியல் சூத்திரப்படி உள்ளுக்கிருக்கிற ஆளுக்கு நேரம் 7.09 மடங்கு சுருங்கி ஏழரை மாசம்தான், கொப்பியில நானே போட்டுப் பாத்திட்டன், சரியாத்தான் வருது. ஆனா 4.37 ஒளியாண்டை ஏழரை மாசத்தில தாண்டினா ஒளியை விட ஏழு மடங்கு வேகமெல்லோ? ஒளியை முந்தேலாது எண்டுதானே ஐன்ஸ்டைன் 1905இல சொன்னவர்? எங்க பிழை விடுறன்?

155ம்கட்டை:
தம்பி கணக்கு சரி. தூரத்தைப் பூமியில நிண்டு அளந்தீர், நேரத்தைக் கப்பலுக்குள்ள இருந்து அளந்தீர், ஒருத்தற்ற தூரத்தை மற்றவற்ற நேரத்தால பிரிச்சா வாற இலக்கம் ஒருத்தற்ற வேகமுமில்ல. கப்பல்காரற்ற கண்ணுக்கு அவர் அசையேல்ல, பூமியும் வெள்ளியும்தான் 99 வீத வேகத்தில ஓடுது, ஓடுறதெல்லாம் ஓடுற திசையில சுருங்கும், அதால நடுவில இருக்கிற தூரமும் அதே 7.09 மடங்கு சுருங்கி 0.62 ஒளியாண்டுக்குக் கிட்ட வந்திடும். ஏ9 றோட்டில கட்டையள் எல்லாத்தையும் பிடுங்கிக் கிட்டக்கிட்ட நட்டுவிட்டமாதிரி நினையும், றோட்டிட அகலம் மட்டும் மாறாது. இப்ப 0.62 ஒளியாண்டை ஏழரை மாசத்தால பிரிச்சுப் பாரும், 99 வீதம்தான் வரும். நாங்கள் "அவற்ற மணிக்கூடு மெல்லமா ஓடினது" எண்டு சொல்லுறதை அவர் "பாதை கட்டையாப் போச்சு" எண்டு சொல்லுவார், சங்கதி ஒண்டுதான்.

பாலையடி அக்கா:
இது வெறும் கொப்பிக் கணக்கில்ல எண்டதையும் சொல்லவேணும். மியூவோன் எண்டு ஒரு துணிக்கை, விண்வெளியில இருந்து காஸ்மிக் கதிர் வந்து காத்து மண்டலத்தில அடிக்க 15 கிலோமீற்றர் உயரத்தில பிறக்குது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செக்கன், ஒளி வேகத்தில ஓடினாலும் 660 மீற்றருக்குள்ள சாகவேணும். ஆனா கீழ வருதே! 99.8 வீத வேகத்தில வாறது எண்டா எங்கட பார்வையில அதிட ஆயுள் 16 மடங்கு நீளுது, அதிட பார்வையில 15 கிலோமீற்றர் சுருங்கி 950 மீற்றர்தான், அதால கிட்டத்தட்ட நாலில ஒண்டு தப்பி நிலத்துக்கு வந்திடும். 1941இல ரொஸ்ஸியும் ஹோலும் அமெரிக்காவில மலையிலயும் கீழயும் வச்சு எண்ணிப் பாத்து இதை உறுதிப்படுத்தினவை. பரணில மல்லாக்கப் படுத்துக் கையை விரிச்சு வையுங்கோ தம்பி, உள்ளங்கைக்குள்ளால செக்கனுக்கு ஒண்டளவில போய்க்கொண்டிருக்கும். எனக்கு இதை முதல் வாசிச்ச அண்டைக்கு நித்திரையே வரேல்ல.

மாங்குளத்தான்:
99 வீதம் எண்டு லேசாச் சொல்லுறம், அதுக்கு எவ்வளவு சக்தி வேணுமெண்டு நான் போட்டுப் பாத்தன். ஒரு கிலோ அரிசியை அந்த வேகத்துக்குக் கொண்டுவர நுரைச்சோலை மின்நிலையத்திட 900 மெகாவாற்றையும் ஒரு நிமிசம் நிப்பாட்டாமல் 19 வருசம் குடுக்கவேணும், அதுவும் ஒரு துளி வீணாகாமல். மனுசர் செய்ததில ஆகக்கூடிய வேகம் 2024 டிசம்பரில சூரியனுக்குக் கிட்டப் போன பார்க்கர் விண்கலம், செக்கனுக்கு 192 கிலோமீற்றர், ஒளியோட பாத்தா 0.06 வீதமும் கொஞ்சமும்.

பரண்காவல்:
விளங்கிட்டுது அண்ணை, ரெண்டு பேற்ற அளவையும் கலந்ததுதான் பிழை. ஆனா இப்ப இன்னொண்டு இடிக்குது. அவருக்கு நாங்கள்தான் ஓடுறம் எண்டா எங்கட மணிக்கூடும் அவருக்கு மெல்லமாத்தானே ஓடவேணும், அப்ப திரும்பி வந்து பக்கத்தில நிண்டா ஆர் இளசு?

155ம்கட்டை:
போய் வந்தவர்தான். நீர் 20 வயசில வெளிக்கிட்டு உடன திரும்பினா 21 கால் வயசில வந்திறங்குவீர், கூடப்படிச்சவை 29ஐத் தொட்டிருப்பினம். போகேக்க ஒரு பார்வை, வரேக்க எதிர்ப்பக்கம் ஓடுற வேற பார்வை, அந்தத் திரும்பினதை நீர் உடம்பால உணர்ந்திருப்பீர், பூமியில நிண்டவை திரும்பேல்ல. ரெண்டு பேரும் ஒண்டில்ல எண்டது அதிலதான். திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தா ஆர் இளசு எண்டு கேக்கிறதுக்கே பொதுவான விடை கிடையாது, பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்க ஏலாதே. 1971இல ஹாஃபலேயும் கீட்டிங்கும் அணு மணிக்கூடுகளைச் சாதாரண பயணி விமானத்தில ஏத்தி உலகத்தைச் சுத்திக்கொண்டு வந்து வச்சுப் பாத்தவை: கிழக்கால போனது 59 நனோ செக்கன் பிந்தி நிண்டுது, மேற்கால போனது 273 முந்தி. மேற்கால போனது ஏன் முந்தினது எண்டு கேப்பீர், அதில பூமி சுழலுறதும் உயரத்தில ஈர்ப்பு குறையிறதும் சேருது, அதை நாளைக்கு இருந்து எழுதுறன்.