புதுப்பிப்பு: அதே 4.3

இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனியில் எனக்கு 4.3 சென்டிமீட்டர் வீக்கம் இருப்பதைப் பற்றியும், இரவில் கண்ணை மூடவே அஞ்சுவதைப் பற்றியும் ஆறு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். நேற்று மறுபடி சி.டி. ஸ்கேன் எடுத்தேன். அதே 4.3. அறிக்கையை மூன்று முறை படித்துவிட்டு, மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்டவர்களுக்கு: போகவில்லை. ஆனால் அதற்கு இப்போது ஓர் அளவு இருக்கிறது. பொதுவாக 5.5ஐ நெருங்கும்போதுதான் அறுவை சிகிச்சை. மார்ஃபான் போன்ற மரபுக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே. எனக்கு அது இல்லை. அதுவரை ரத்த அழுத்தத்தை அடக்கி வைப்பதுதான் என் வேலை. காலையில் ஒரு மாத்திரை, நாள்தோறும் நடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சேர்ந்த ஃப்ளூரோகுயினோலோன் மருந்து வகையால் பெருந்தமனி கிழியும் அபாயம் கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பதுபோல வலித்தால், வாயு என்று நினைத்து வீட்டில் காத்திருக்கவும் கூடாது.

இந்த வீக்கம் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கக்கூடும் என்பதால் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். அக்கா எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துவிட்டார், இயல்பாக இருக்கிறது. தம்பிதான் இன்னும் தட்டிக்கழிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நானே அவன் வீட்டுக்குப் போகிறேன்.